மாலை ஆறு மணிக்கு ஒரு மணியோசை

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் மாலை ஆறு மணிக்கு ஒரு செல்போன் அலறுகிறது. அதன் சொந்தக்காரர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்கிறார். எதிர்முனையில் ஆள் இல்லை. ஏழு வயதுப் பெண் குழந்தையின் குரல் ஒன்று பதிவு செய்யப்பட்டிருக்கிறது. "அப்பா, வர்றப்ப கடலை மிட்டாய் வாங்கிட்டு வா. மறந்துராத." இவ்வளவுதான் செய்தி. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே உள்ள பெட்டிக் கடைக்குப் போய் இரண்டு கடலை மிட்டாய் வாங்குகிறார்.

"இதென்ன பிரமாதம்? பிள்ளைக்கு மிட்டாய் வாங்காத தகப்பனும் உண்டா?" என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தத் தகப்பன் வாங்காதவராகத்தான் இருந்தார். பதினான்கு வருஷ காலம், அதே பஸ் ஸ்டாண்டில், அதே ஆறு மணிக்கு, அவருடைய கால்கள் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தன.

ஆள் நல்ல வேலைக்காரர். கொத்தனார். மதுரையில் கட்டட வேலை. மாலையில் வலையங்குளம், ஆவியூர் வழியாக வரும் பஸ்ஸில் காரியாபட்டியில் இறங்குவார். அங்கிருந்து திருச்சுழிப் பக்கத்தில் உள்ள தம் கிராமத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"பஸ் வர அரை மணி நேரம் ஆகும் சார். கடைக்குப் போயிட்டு வரவும் அரை மணி நேரம். ரெண்டும் அளவெடுத்து வச்ச மாதிரி பொருந்திப் போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார். எட்டு மாதமாகக் குடிக்காத மனிதரின் சிரிப்பு அது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே கொத்தனார் என்றே குறிப்பிடுகிறேன்.

குடியை விட்டவர்கள் கதை நமக்குப் புதிதல்ல. கோயிலில் கயிறு கட்டி விட்டவர்கள், மலைக்கு மாலை போட்டு விட்டவர்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்து விட்டவர்கள் என்று ஊருக்குப் பத்துப் பேரைக் காட்டலாம். விட்டதும் உண்மை, மறுபடி தொட்டதும் உண்மை. இவரிடம் நான் கண்ட புதுமை வேறு. மனிதர்களைப் பிடித்து ஆட்டுகிறது என்று நாம் தினமும் திட்டித் தீர்க்கிற செல்போனை, இவர் குடிக்கு எதிராகத் திருப்பிவிட்டிருக்கிறார். அதை எப்படிச் செய்தார், எந்த இடத்தில் தோற்றார், டாக்டர்களும் சர்க்காரும் இதில் எவ்வளவு தூரம் துணை வர முடியும் என்று தெரிந்துகொள்ளத்தான் காரியாபட்டிக்குப் போயிருந்தேன்.

முப்பத்தெட்டில் ஒருவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் பருத்தி, சோளம், நிலக்கடலை, அல்லது ஒன்றுமில்லை. உழாமல் விட்ட நிலத்தையெல்லாம் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதே சில கிராமங்களில் பிழைப்பு. கிணற்றுத் தண்ணீர் உள்ள இடத்தில் மல்லிகை. பெண்கள் விடியுமுன் பூப் பறிக்கப் போகிறார்கள். ஆண்கள் விடிந்ததும் மதுரைக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறுகிறார்கள். சாயங்காலம் ரொக்கமாகக் கூலி. உடம்பெல்லாம் வலி. கையில் காசு. எதிரே கடை. இந்த நாலும் சந்திக்கிற நேரம் ஆறு மணி.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தார் நடத்திய அகில இந்தியக் கணக்கெடுப்பு 2019ல் வெளியாயிற்று. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடி ஒரு தொல்லையாகவே முற்றிவிட்டது, உதவி தேவை என்று அது சொல்லிற்று. அதைவிட என்னை உறுத்திய எண் இன்னொன்று. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் எப்போதாவது ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

மிச்சம் 37 பேரும் எங்கே? ஊரில்தான் இருக்கிறார்கள். காரியாபட்டியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தொலைவில்லை. விருதுநகரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். ஆனால் கூலிக்காரனுக்குத் தூரத்தின் அளவு கிலோ மீட்டர் அல்ல. ஒரு நாள் சம்பளம். அதற்கும் மேலே, "அவன் பைத்தியக்கார டாக்டரிடம் போகிறான்" என்ற பேச்சு. இந்த இரண்டு தடையையும் தாண்டக்கூடிய சாமான் ஒன்று அநேகமாக எல்லார் சட்டைப் பையிலும் கிடக்கிறது என்பதுதான் நிபுணர்களுக்கு ஆசையை மூட்டிய விஷயம்.

சாமி குத்தமா?

ஆசைக்குப் போகுமுன் ஓர் ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். போன் செய்யவே முடியாத காரியம் இது.

கொத்தனார் முதல் தடவை குடியை விட்டது ஒரு கார்த்திகை முதல் தேதி. மாலை போட்டார். அன்றிரவே கை நடுக்கம். தூக்கமில்லை. வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் விடியற்காலை வாயில் நுரை தள்ள வலிப்பு வந்து திண்ணையில் விழுந்தார். "விரதத்திலே ஏதோ தப்பு, சாமி குத்தம்" என்றார்கள் ஊரார். அவருடைய மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் இன்று அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

சாமியின் குற்றம் இதில் ஏதுமில்லை. வருஷக் கணக்காக நாள் தவறாமல் குடித்தவருடைய மூளை, மதுவின் அமுக்கத்துக்கு எதிராக முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்துப் பழகியிருக்கிறது. அமுக்குகிற கையைத் திடீரென்று எடுத்தால் அது துள்ளுகிறது. நடுக்கம் சில மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் ஜுரமும், மனக் குழப்பமும், இல்லாததைக் கண்ணால் காண்பதும் சேர்ந்துகொள்ளும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். டாக்டர்கள் இதற்கு நரம்பைத் தணிக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி வேலை இது. தினமும் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், முன்பு வலிப்புக் கண்டவர் ஆகியோர் போனை நம்பியோ வைராக்கியத்தை நம்பியோ ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மாலை போடுவதானாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருகிற நாளில்தான் போனின் வேலை ஆரம்பமாகிறது. பத்து நாளோ இருபது நாளோ சிகிச்சை முடித்து, உடம்பிலிருந்து சாராயமெல்லாம் இறங்கி, மனிதர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வந்து சேர்கிறார். டாக்டர் மதுரையில். ஆறு மணி காரியாபட்டியில்.

ஓட்டல் கூடத்திலிருந்து ஒரு போன்

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவம். 1935ம் வருஷம் மே மாதம். அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் ஓர் ஓட்டல். வியாபாரக் காரியமாக அங்கு வந்த பில் வில்சன் என்பவர் காரியம் கெட்டு, கையில் சொற்பக் காசோடு ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுச் சாலையின் கலகலப்பு. மறு பக்கம் டெலிபோன். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. உள்ளே போனால் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரியும். சுவரில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்துப் பாதிரிமாருக்குப் போன் செய்தார். "இந்த ஊரில் என்னைப் போல் ஒரு குடிகாரரோடு நான் பேச வேண்டும்" என்பதே அவருடைய கோரிக்கை. சுற்றிச் சுற்றி அந்தப் பேச்சு, பாப் ஸ்மித் என்ற டாக்டரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. அந்த டாக்டரும் மொடாக் குடியர். இருவரும் மறுநாள் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று இன்று உலகமெங்கும் உள்ள சங்கம். இந்தியாவுக்கு அது 1957ல் வந்தது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

ஆகக்கூடி, குடிக்கு எதிராகப் போனைப் பிடிப்பது நேற்று வந்த யோசனை அல்ல. அந்தப் போனின் மறுமுனையில் யந்திரம் இல்லை. இன்னொரு குடிகாரர் இருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய யந்திரங்களைப் பார்ப்போம்.

பல்லூன் பறந்தது

கொத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அவருடைய மைத்துனன் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். காலேஜ் படிக்கிற பையன், நல்லெண்ணத்தோடுதான் செய்தான். செயலி முழுக்க இங்கிலீஷ். தினமும் காலையில் ஐந்து முகங்களைக் காட்டி, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். "எனக்கு எந்த மூஞ்சின்னு தெரியல சார். அழுகிற மூஞ்சியவே அமுக்கிட்டிருந்திருக்கேன் போல. அது தெனமும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்துச்சு" என்கிறார். அதைத் தவிர அதில் ஒரு நாள் கணக்கு உண்டு. குடிக்காத ஒவ்வொரு நாளும் எண் ஒன்று ஏறும். முப்பதாம் நாள் திரையில் பல்லூன் பறந்தது. அதைக் குழந்தைக்குக் காட்டினார். அறுபது வரை வந்தது.

அறுபத்தோராம் நாள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. துக்க வீட்டில் பந்தல் பின்னால் என்ன நடக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். யாரோ தம்ளரை நீட்டினார்கள். ஒன்று குடித்தார். இராத்திரி யோக்கியமாகச் செயலியைத் திறந்து உண்மையைப் பதிந்தார். எண் 60லிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது.

"ஒரு கிளாஸுக்கு அறுபது நாளும் போச்சு. இனி என்ன இருந்து என்னன்னு தோணிருச்சு. அப்புறம் மூணு நாளு நெறுத்தவே இல்ல" என்றார். சிரிப்பு மறைந்துவிட்டது.

வாஷிங்டன் சர்வகலாசாலையில் இருந்த ஆலன் மார்லட் என்ற மனோதத்துவ நிபுணர் இந்தச் சறுக்கலைப் பற்றியே ஆயுளெல்லாம் ஆராய்ந்தவர். முதல் கிளாஸ் மனிதனை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. "எல்லாம் போய்விட்டது, நான் இவ்வளவுதான்" என்று அதன் பிறகு வருகிற எண்ணமே அவனைக் கவிழ்க்கிறது என்று 1985ல் ஜூடித் கார்டன் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில் விளக்கினார். பூஜ்யம் காட்டுகிற செயலி அந்த எண்ணத்துக்குக் கொட்டு மேளம் வாசிக்கிறது! எழுதினவர்கள் கெட்ட புத்தியோடு எழுதியிருக்க மாட்டார்கள். துக்க வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் ஒரு தடவையாவது நின்று பார்த்திருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்கள்.

நாலாம் நாள் கொத்தனாரின் மனைவி இரண்டு காரியம் செய்தார். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு பெரியவருக்குத் தம் பட்டன் போனிலிருந்து பேசினார். அருப்புக்கோட்டைப் பக்கம், ஓய்வு பெற்ற கண்டக்டர், தாமும் குடித்து மீண்டவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அண்ணாச்சி அடுத்த பஸ்ஸில் வந்து இவரை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போனார். இரண்டாவது, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் அட்டையில் அந்த அம்மாள் பேனாவால் 60 என்று எழுதி வைத்தார். "சம்பாரிச்ச நாளு சம்பாரிச்சதுதான சார்? ஒருநா கூலி கெடைக்கலன்னா முன்னாடி வாங்கின கூலியத் திருப்பியா குடுக்கோம்?" என்று என்னிடம் கேட்டார். டாக்டர்களின் கருத்தும் அதுவே. பழைய அறுபது நாள் அந்த அட்டையில் இருக்கிறது. அதற்குக் கீழே புதுக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

நாம் கூப்பிடும் எண், நம்மைக் கூப்பிடும் எண்

நம் நாட்டில் போன் வழியாக வைத்தியம் பார்ப்பதற்குச் சட்டத் தெளிவு கிடைத்ததே 2020 மார்ச் 25ந் தேதிதான். கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாள் அது. மதுக் கடைகளும் அப்போது மூடிக் கிடந்தன. அதன்பின் 2022 அக்டோபர் 10ந் தேதி, உலக மனநல தினத்தன்று, மத்திய சர்க்கார் 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கிற்று. எண் 14416. காசு இல்லை, இரவு பகல் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதை 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடத்துகிறார்கள். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் டாக்டரோடு இணைப்பார். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2025ல் 25 இடங்களில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்கள் வந்திருக்கின்றன.

நல்ல ஏற்பாடுகள்தாம். வாசகர்கள் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் அபிப்பிராயத்தில் ஒரு குறை உண்டு. இவையெல்லாம் நாம் கூப்பிட்ட பிறகே தொடங்குகிற எண்கள். குடியின் பிடியில் இருப்பவனுக்கு ஆறு மணிக்கு ஐந்து எண்களை அழுத்தும் தெம்பு இருந்தால், அவனுக்கு அந்த எண்ணே வேண்டியிராது! அவனுக்கு வேண்டியது, அவனைக் கூப்பிடுகிற எண்.

வெளிநாட்டு ஆராய்ச்சிகளில் பலன் கொடுத்ததும் இதுதான். விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் கஸ்டாப்சனும் அவருடைய கூட்டாளிகளும், குடிக்குச் சிகிச்சை பெற்று விடுதியை விட்டு வெளியேறிய 349 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு அதோடு எட்டு மாதத்துக்கு 'ஏ-செஸ்' என்ற ஏற்பாடு செய்த ஒரு செல்போன். வாரந்தோறும் அது கேள்வி கேட்கும். பதில் ஆலோசகருக்குப் போகும். ஆபத்து வேளைக்கு ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் வேண்டியவர்களுக்குத் தகவல் போகும். பழைய மதுச் சாலையின் பக்கம் போனால் போனே எச்சரிக்கும். 2014ல் முடிவு வெளியாயிற்று. முந்தின 30 நாளில் அளவு மீறிக் குடித்த நாட்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்குச் சராசரி 2.75, போன் வைத்திருந்தவர்களுக்கு 1.39. ஏறக்குறையப் பாதி.

மதுச் சாலைப் பக்கம் போனால் எச்சரிக்கும் என்றதும் கொத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நம்ம ஊருக்கு அது ஒத்து வராது சார். பஸ் ஸ்டாண்டு, காய்கறிக் கடை, ரேஷன் கடை எங்க போனாலும் கத்திக்கிட்டே இருக்கும். பாட்டரி தீந்துரும்."

புகையிலை விஷயத்தில் நம் நாட்டிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. 2016 ஜனவரியில், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், புகைப்பதை விடுவதற்கான குறுஞ்செய்திகள் தாமாக வரத் தொடங்கும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்பாடு செய்தது. முதல் ஆண்டிலேயே 20 லட்சம் பேருக்கு மேல் பதிந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்து விசாரித்ததில் சுமார் 7 சதவீதம் பேர் விட்டுவிட்டதாகத் தெரிந்தது. ஏழுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். இங்கிலாந்தில் 5,800 பேரிடம் நடந்த கறாரான சோதனையில், செய்தி பெற்றவர்களில் 10.7 சதவீதமும் பெறாதவர்களில் 4.9 சதவீதமும் ஆறு மாதம் புகையாமல் இருந்தார்கள் என்று 2011ல் 'லான்செட்' பத்திரிகை வெளியிட்டது. ஒரு குறுஞ்செய்திக்கு ஆகிற செலவைப் பார்த்தால் இது பெரிய காரியம்.

அதே போனில் வரும் பொடி

போனுக்கு நல்லது கெட்டது தெரியாது. கொத்தனார் குடியை விடுவது பற்றி இரண்டு வீடியோ பார்த்தார். அன்று முதல் அவர் போனில் ஒரே விளம்பர மழை. "கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள். ஏழே நாளில் குடியை வெறுப்பார்!" அந்த அம்மாளும் ஒரு டப்பா வாங்கியிருக்கிறார். பூப் பறித்த காசு. எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. டைசல்பிராம் என்று டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இருதயக் கோளாறு உள்ளவருக்கு உயிராபத்து. அதனால்தான் நோயாளிக்கு நன்றாகச் சொல்லி, அவர் சம்மதித்து, இருதயமும் ஈரலும் சரியா என்று பார்த்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள். ஒளித்துக் கொடுக்கிற மருந்து எதுவானாலும் அது விஷத்துக்குச் சமானம்.

இன்னொன்று, இரகசியம். குடியைப் பற்றி நாம் போனில் தட்டுகிறதெல்லாம் எங்கே போகிறது? அமெரிக்காவில் குடிக்குப் போன் வழியாகச் சிகிச்சை தருகிற 'மான்யுமெண்ட்' என்ற கம்பெனி, நோயாளிகளின் விவரங்களை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் 2024ல் நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டிலும் 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் கிராமத்தில் ஒரே போனை வீட்டில் நாலு பேர் எடுக்கிறார்கள். "குடிக்காதே" என்று திரையில் வருகிற செய்தியைச் சம்பந்தி பார்த்துவிட்டால்? பிள்ளையின் குரலில் மிட்டாய் கேட்கிற செய்தியை யார் கேட்டாலும் கவலையில்லை. கொத்தனாரின் யுக்தியை எந்த நிபுணரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் சாஸ்திரம் இருக்கிறது. குடிக்க வேண்டும் என்ற வேகம் அலை போல ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக இறங்கும் என்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஒரு வேலை இருந்தால் போதும். மிட்டாய் வாங்குவதும் ஒரு வேலைதானே?

ஆள் வேண்டும்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அவர் பெயராலேயே 1980ல் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1992ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்த நிலையத்தார் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் கிராமத்துக்குள்ளேயே முகாம் போட்டு, நோயாளியோடு அவருடைய குடும்பத்தாரையும் உட்கார வைத்துச் சிகிச்சை நடத்தியவர்கள். கோவாவிலோ, டாக்டரல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆளுக்கு அதிகபட்சம் நாலு முறை குடிகாரரோடு பேச வைத்தார்கள். 377 ஆண்களிடம் நடந்த அந்தச் சோதனையில் மூன்று மாதம் கழித்து, பேச்சு கிடைத்தவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 18 சதவீதமும் குடிக்காமல் இருந்தார்கள். 2017ல் 'லான்செட்'டில் வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவந்து தரும் பெண்கள் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். எந்த வீட்டில் யார் ஆஸ்பத்திரியிலிருந்து குடியை விட்டு வந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அவருக்கு வாரம் இருமுறை, சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரே ஒரு போன் போட அவர்களுக்குப் பயிற்சியும் அதற்கான ஊதியமும் கொடுத்தால் என்ன? பல்லூன் பறக்கிற செயலி வேண்டாம். "இன்னைக்கு வேலை எப்படிண்ணே?" என்று கேட்டால் போதும். முன்பு டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி கொத்தனார் மனைவி அதைத்தான் செய்கிறார். "குடிச்சீகளான்னு கேக்க மாட்டேன் சார். கேட்டா பொய் வரும், இல்ல சண்டை வரும். எங்கன வாரீகன்னு மட்டும் கேப்பேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டு விளக்குகள் எரிந்தன. பூக்காரி கூடையைக் கவிழ்த்து மூடிக்கொண்டிருந்தாள். ஆறு இருபத்தைந்துக்கு மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை எதிர்முனையில் ஆள் இருந்தார்.

"ம்... காரியாபட்டிதான்... ஒரு பேப்பர்காரர் கூடப் பேசிட்டிருக்கேன்... வாங்கிட்டேன், ரெண்டு."

டவுன் பஸ் வந்து நின்றது. கொத்தனார் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியில் ஏறினார். ஏறினவர் திரும்பி, மிட்டாயில் ஒன்றை என் கையில் வைத்தார்.

"நாளைக்கு ஒண்ணு கூட வாங்கிக்கிறலாம் சார்" என்றார்.